பவளங்களின் இடப்போட்டி

பவளங்களின் இடப்போட்டி என்பது, கடலடியில் ஒட்டி வாழும் பவள உயிரிகள் ஒளிக்காகவும் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்காகவும் அண்டைப் பவளங்களுடன் நடத்தும் போராட்டம் ஆகும். பவளங்கள் குழியுடலிகள் தொகுதியைச் சேர்ந்த விலங்குகள். ஒருமுறை ஒட்டிய இடத்தை விட்டு அவற்றால் நகர இயலாது. ஆகவே பக்கத்தில் வளர்ந்து வரும் பவளத்தை அவை முந்த வேண்டும், அல்லது தாக்கிக் கொல்ல வேண்டும். பகலில் பூந்தோட்டம் போல் அசைவின்றித் தோன்றும் பவளத்திட்டில் இப்போராட்டத்தின் பெரும்பகுதி இரவில் நடைபெறுகின்றது. இது கடலில் மட்டுமன்றி, பவளங்கள் வளர்க்கப்படும் கண்ணாடித் தொட்டிகளிலும் தெளிவாகக் காணப்படுகின்றது.

வளர்ச்சி வேகம்

பவளங்களின் உடலுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் வாழ்கின்றன. பெரும்பாலான பவளங்கள் தமக்குத் தேவையான உணவில் பெரும்பங்கை இவற்றிடமிருந்தே பெறுகின்றன. எனவே ஒரு பவளத்தின் மீது நிழல் விழுவது அதன் உணவு குறைவதற்கு ஒப்பாகும். கிளைவிட்டு வளரும் மான்கொம்புப் பவளம் எனப்படும் அக்ரோபோரா இனங்களுள் சில, நல்ல சூழலில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்கின்றன. உருண்டையாக வளரும் போரைட்டஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மட்டுமே வளர்கின்றது. அக்ரோபோராவின் கிளைகளும், தட்டுத் தட்டாக விரியும் மொண்டிப்போராவும் கீழே உள்ளவற்றைத் தொடாமலேயே, அவற்றுக்கு மேலே குடை போல் விரிந்து நிழலில் ஆழ்த்திவிடுகின்றன.

இவ்வேகத்தை மட்டும் கருத்தில் கொண்டால் பவளத்திட்டு முழுவதையும் கிளைப் பவளங்களே பிடித்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாததற்கு ஒரு முக்கியக் காரணம், மெதுவாக வளரும் பவளங்களிடம் உள்ள தாக்கும் உறுப்புகளாகும்.

தாக்கும் முறைகள்

பவளத்தின் ஒவ்வொரு பாலிப்பிலும் வாயைச் சுற்றி உணர்நீட்சிகள் உள்ளன. இவற்றில் கொட்டும் செல்கள் நிறைந்துள்ளன. இரை பிடிக்கவே இவை பயன்படுகின்றன என்றாலும், அருகில் வேற்றுப் பவளம் இருக்கும்போது சில இனங்கள் வழக்கமான உணர்நீட்சிகளைப் போல் பல மடங்கு நீளமுள்ள தனி உணர்நீட்சிகளை வளர்த்துக்கொள்கின்றன. துடைப்பம் போல் நீரோட்டத்தில் அசைந்து அண்டைப் பவளத்தை வருடுவதால் இவற்றைத் துடைக்கும் உணர்நீட்சிகள் எனலாம். இவற்றின் நுனியில் கொட்டும் செல்கள் செறிந்திருக்கும். இவை உடனே தோன்றுவதில்லை. அண்டையுடன் தொடர்பு ஏற்பட்ட பின் உருவாகச் சில வாரங்கள் ஆகலாம். கலாக்சியா என்னும் பேரினம் இவ்வகையில் பெயர்பெற்றது.

இரண்டாவது முறை இதைவிட வியப்பானது. பவளத்தின் வயிற்றறையினுள் செரிமானத்துக்கு உதவும் மெல்லிய இழைகள் உள்ளன. சில பவளங்கள் இவற்றை வாய் வழியாகவோ உடற்சுவரைத் துளைத்தோ வெளியே நீட்டி, அண்டைப் பவளத்தின் மீது படர விடுகின்றன. இழைகள் பட்ட இடத்தில் அப்பவளத்தின் தசை கரைந்து, வெண்மையான சுண்ணாம்பு எலும்புக்கூடு மட்டும் எஞ்சுகின்றது. அதாவது எதிரியை அதன் இடத்திலேயே வைத்துச் செரித்துவிடுகின்றன. இது ஓர் இரவுக்குள் நடந்து முடியக்கூடும்.

சுண்ணாம்பு எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களின் வழி வேறு. சைனுலேரியா, சார்கோபைட்டன் போன்றவை டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிடுகின்றன. இவை தொடாமலேயே அண்டையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். ஆகவே இப்போராட்டத்தில் இடைவெளி மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

வலிமை வரிசை

பவளங்கள் ஒன்றையொன்று செரிக்கும் செயலை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிவியலாளர் ஜூடித் லாங் ஆவார். ஜமைக்காவின் பவளங்களைக் குறித்த அவருடைய கட்டுரைகள் 1971, 1973ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இவ்வாய்வு ஒரு வகைப்பாட்டுச் சிக்கலையும் தீர்த்தது. ஸ்கோலிமியா பேரினத்தில் ஒரே இனத்தின் மாறுபட்ட வடிவங்கள் என்று கருதப்பட்ட பவளங்கள் அருகருகே இருந்தபோது, ஒன்று மற்றொன்றைச் செரிக்கத் தொடங்கியது. ஒரே இனத்தவை இவ்வாறு தாக்கிக்கொள்வதில்லை என்பதால், அவை இரு வேறு இனங்கள் என்பது தெளிவாயிற்று. மனிதர் காணத் தவறிய வேறுபாட்டைப் பவளங்கள் அறிந்திருந்தன.

லாங் பவளங்களை எது எதைத் தாக்கும் என்ற அடிப்படையில் வரிசைப்படுத்தினார். மெதுவாக வளரும் தடித்த பவளங்கள் பல இவ்வரிசையின் மேற்பகுதியில் இருந்தன. விரைந்து வளரும் கிளைப் பவளங்கள் இவற்றுக்குக் கீழே இருந்தன. எனினும் இவ்வரிசை நிலையானதன்று. கிழக்குப் பசிபிக் பகுதியில் நடந்து 1980இல் வெளியான ஓர் ஆய்வில், பவோனா முதலில் செரிமான இழைகளால் பொசிலோபோராவைத் தாக்கியது; பின்னர் பொசிலோபோரா துடைக்கும் உணர்நீட்சிகளை வளர்த்து நிலைமையைத் தலைகீழாக்கியது. ஒரு நாள் மட்டும் பார்த்து வெற்றி தோல்வி கூறுவது தவறாக முடியலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

மன்னார் வளைகுடாவில்

தமிழ்நாட்டில் பவளங்களின் முதன்மை வாழிடம், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதியாகும். இது 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளக்கற்கள் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியமைக்கு இது முக்கியக் காரணமாகக் கூறப்படுகின்றது.

இங்கு விரைவு வளர்ச்சியுள்ள அக்ரோபோரா, மொண்டிப்போரா, பொசிலோபோரா ஆகியனவும், மெதுவாக வளரும் போரைட்டஸ், மூளைப் பவளங்கள் முதலியனவும் சேர்ந்து வாழ்கின்றன. இவற்றின் போட்டியில் இன்று வெப்பமும் நுழைந்துள்ளது. கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 2010இலும் 2016இலும் இங்கு ஏற்பட்ட கடும் வெளிறலில் பெரிதும் மடிந்தவை விரைந்து வளரும் கிளை, தட்டு வடிவப் பவளங்களே. உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் மீண்டன. பவளங்களுக்கு இடையே பல்லாண்டுகளாக நடந்துவந்த போட்டியின் முடிவை ஒரே கோடைக்காலம் மாற்றிவிட்டது எனலாம்.

மடிந்த பவளத்தின் இடத்தை மற்றொரு பவளமே பிடிக்கும் என்பதில்லை. வணிகப் பயிராக 1990களில் மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவின் அக்ரோபோராக்களின் மீது படர்ந்து மூடியது 2008இல் அறிவிக்கப்பட்டது. அதற்குக் கொட்டும் செல்கள் இல்லை. மேலே போர்வையாகப் படர்ந்தே அது பவளத்தைக் கொல்கின்றது. பாக் நீரிணைப் பகுதியில் டெர்பியோஸ் என்னும் கரிய கடற்பஞ்சு உயிருள்ள பவளங்களின் மீது படர்வதும் பதிவாகியுள்ளது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் பொருத்தி வளர்த்துவருகின்றது. ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து எடுத்த துண்டுகள் தொட்டுக்கொண்டால் ஒன்றாக இணைந்துவிடும்; வேறு கூட்டத்துத் துண்டுகள் எதிர்த்துநிற்கும். எத்துண்டை எதனருகே வைப்பது என்பதில் இப்பண்பு கருத்தில் கொள்ளத்தக்கது.

இந்தியச் சட்ட நிலை

பவளத்திட்டுகளை உருவாக்கும் கற்பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியனவும் இதில் அடங்கும். இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். கரையில் ஒதுங்கிய உலர்ந்த துண்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. எனவே வெளிநாட்டு நூல்கள் கூறும் அக்ரோபோரா, கலாக்சியா வளர்ப்பு முறைகள் இந்திய வாசகருக்கு அறிவுக்காக மட்டுமே பயன்படும். காளான் பவளங்கள், சொவாந்திட்கள், சீனியா போன்ற மென்பவளங்கள் கற்பவளங்களுள் அடங்கா. ஆயினும் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருந்து இவற்றையும் எடுக்க இயலாது.

வீட்டுத் தொட்டியில்

இடப்போட்டி, சிறிய இடத்தில் இன்னும் கடுமையாகின்றது. கடலில் கசியும் வேதிப்பொருளை அலை அடித்துச் சென்றுவிடும். தொட்டியில் அது சுற்றிச்சுற்றி வரும். ஆகவே வளர்ப்போர் கிளர்வூட்டிய கரி கொண்டு நீரை வடிகட்டி, பகுதி நீரைத் தவறாமல் மாற்றுகின்றனர். கடற்கரையிலிருந்து விலகிய தென்காசி போன்ற ஊர்களில் செயற்கைக் கடலுப்பைத் தூய நீரில் கரைத்தே கடல்நீர் உருவாக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 25 முதல் 27 பாகை செல்சியசு வெப்பமும் பொருத்தமானவை. தமிழ்நாட்டுக் கோடையில் குளிரூட்டும் கருவியின்றி இவ்வெப்பநிலையைக் காப்பது எளிதன்று. தொடங்குவோர் விளக்குக்குச் செலவிட்டுக் குளிரூட்டியை மறந்துவிடுவது அடிக்கடி நிகழும் பிழை.

தொட்டியில் விரைந்து பரவுபவற்றுள் சீனியாவும் காளான் பவளங்களும் குறிப்பிடத்தக்கவை. சீனியா தன் கைகளை மூடித் திறந்து துடிப்பது கண்ணுக்கு இனியது. ஆனால் சில மாதங்களில் பாறை முழுவதையும் மூடிவிடும். அதனைத் தனிப் பாறையில், சுற்றிலும் வெறும் மணல் இருக்கும்படி வைத்தால் பரவல் மட்டுப்படும். காளான் பவளத்தின் ஆற்றலுக்கு இயற்கையிலேயே சான்று உண்டு: பசிபிக்கின் பால்மைரா பவளத்தீவில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கிய பின், அதைச் சூழ்ந்த பவளத்திட்டில் ரொடாக்டிஸ் என்னும் காளான் பவளம் பெருகி மற்றவற்றை மூடிக்கொண்டது.

கற்பவளங்களைச் சட்டப்படி வளர்க்கும் நாடுகளில், துடைக்கும் உணர்நீட்சி உடையவற்றைச் சுற்றி 15 முதல் 20 சென்டிமீட்டர் இடம் விடப்படுகின்றது. நீரோட்டத்தின் திசையும் இதில் முக்கியமானது. தாக்கும் பவளத்துக்குக் கீழோட்டத்தில் இருப்பதே முதலில் காயமுறும்.

நோக்குவோர் விளக்கு அணைந்து ஓரிரு மணி நேரம் கழித்துச் சிவப்பொளியில் பார்த்தால், பகலில் சுருங்கியிருந்த உணர்நீட்சிகள் நீண்டிருக்கக் காணலாம். விளிம்பில் அண்டையை நோக்கிய பக்கத்தில் மட்டும் வெண்பட்டை தோன்றுவது தாக்குதலின் அடையாளம். எல்லாப் பக்கமும் வெளிறினால் காரணம் பெரும்பாலும் வெப்பமோ ஒளியோ ஆகும். ஒரே கோணத்தில், அளவுகோலுடன் வாரம் ஒருமுறை எடுக்கும் ஒளிப்படங்கள் இவ்வேறுபாட்டை நன்கு காட்டும்.

சொவாந்திட்களைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதவை. இவற்றுள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. இது ஹவாயில் எடுத்த பாலித்தோவா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1971இல் விவரிக்கப்பட்டது. இவை ஒட்டிய பாறையைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணிக் கொதிக்க வைத்து, ஆவியால் நோயுற்ற வளர்ப்போர் பலர்.

பெருகிய பவளத்தைக் கடலில் விடுதல் கூடாது. வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காப் பகுதியில் இந்தோ-பசிபிக் மென்பவளம் ஒன்று பரவியிருப்பது 2014இல் அறிவிக்கப்பட்டது. உனோமியா எனப் பின்னர் இனங்காணப்பட்ட அது மீன்தொட்டி வணிகத்தின் வழியே வந்ததாகக் கருதப்படுகின்றது. உள்ளூர்ப் பவளங்களையும் கடற்புல் படுகைகளையும் அது மூடிவருகின்றது.