ஒளிராத திரை: மலையகத் தோட்டங்களில் மின்சாரமும் தொலைக்காட்சியும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றினை எழுதப் புகுவோர் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் முதற் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். வீட்டு மூலையிற் கிடக்கும் பழுதுற்ற பொருளும் சான்றாகலாம் என்பது பெரிதும் எண்ணப்படுவதில்லை. மலையகத்து லயக் காம்பிராவில், ஒரு நாள் இயங்கி மறுநாள் இயங்க மறுக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டி அத்தகையதொரு சான்றாகும். குற்றம் பெட்டியிலா, கம்பியிலா என்னும் வினா, மின்சாரம் பங்கிடப்பட்ட வரலாற்றுக்கே நம்மை இட்டுச் செல்கின்றது.

இலங்கையின் நீர்மின் வரலாறு மலையகத்தின் வரலாறே எனில் மிகையாகாது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1912இல் நுவரெலியாவின் பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார்; 1918இல் நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்துவது பற்றி ஓர் ஆய்வுரையினையும் அளித்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபானாவில் நனவாயிற்று. காசல்ரி நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் நிலையம் 1965இல் அவர் பெயரையே தாங்கி எழுந்தது. 1969இல் மவுசாகலை அணை நிறைவெய்தியபோது பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. 1974இல் புதிய லக்சபானாவும் 1983இல் கென்யனும் தொடர்ந்தன.

அட்டன், நோர்ட்டன், மஸ்கெலியாப் பகுதிகளின் ஆறுகள் இவ்வாறு கொழும்பின் விளக்குகளை ஏற்றின. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவும் ஓடை நீரால் இயங்கும் சுழலிகளைத் தமக்கென வைத்திருந்தன. ஆயின், தொழிற்சாலையில் இரவெல்லாம் விளக்கெரிய, அதன் கீழேயுள்ள லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கொழுந்தை உலர்த்துவதற்குக் கிடைத்த வலு, கொழுந்தைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலையிலேயே தொலைக்காட்சி வந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பை அண்டிய பகுதிகளுக்கு ஒளிபரப்பத் தொடங்கிற்று. ஜப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் அலைபரப்பிகளுள் முதன்மையானது, நுவரெலியாவின் தலைமேல் 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகால மலையில் நிறுவப்பட்டது. அலைகள் தோட்டங்களின் மேலாகவே சென்றன; அவற்றை ஏற்கும் பெட்டிக்கு வேண்டிய மின்சாரமோ லயத்தில் இல்லை. எனவே 12 வோல்ற்றில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியும் மோட்டார் வண்டிப் பற்றரியும் மின்னிணைப்பற்ற வீடுகளின் துணையாயின. பற்றரியை நகருக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வரவேண்டும். அது தளரும்போது படம் சுருங்கும், மங்கும், ஈற்றில் மறையும். பெட்டியிற் குற்றமில்லாமலே பெட்டி நின்றுவிடும்.

லயங்களுக்குக் கம்பி வந்த பின்னரும் இத்தொல்லை முற்றாக நீங்கவில்லை. நிலைமாற்றியிலிருந்து நெடுந்தூரம் செல்லும் மெல்லிய கம்பியில், பல காம்பிராக்களும் ஒருங்கே மின்னைப் பெறும் மாலைவேளையில், 230 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் அழுத்தம் பெரிதும் குறைந்துவிடும். பழைய பெட்டிகள் பல அக்குறைந்த அழுத்தத்தில் தொடங்கா. அன்றியும், மலைச் சாரலின் இடிமின்னல் உருகியையும் மின்வழங்கற் பகுதியையும் தாக்கும். மூடுபனியின் ஈரம் விசையின் தொடுமுனைகளில் களிம்பேற்றும்.

பெட்டிக்குள்ளேயும் காரணங்கள் உள. மின்வழங்கற் பகுதியிலுள்ள மின்பகுபொருட் கொள்ளளவிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து ஆற்றல் இழக்கும். குளிரில் அவற்றின் அகத்தடை மேலும் கூடுமாதலால், நுவரெலியாவின் விடியற் குளிரில் பன்முறை விசையை அழுத்தியபின்னரே பெட்டி உயிர்பெறும். ஒருகாற் சூடேறிவிட்டால் தடையின்றி இயங்கும். பற்றாசு வெடித்த இணைப்பும் இவ்வாறே தோன்றி மறையும் குறியினைக் காட்டும். பக்கத்தில் தட்டினால் இயங்கும் பெட்டியின் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே, பழுதறியும் முறையும் வரலாற்றாய்வு முறையும் ஒன்றையொன்று ஒத்தன. முதலிற் காலத்தை நோக்கவேண்டும். மாலை 7 மணிக்கு மறுத்து நள்ளிரவில் இயங்குமாயின் குற்றம் கம்பியைச் சார்ந்தது என ஐயுறலாம். காலைக் குளிரில் மறுத்துச் சூடேறியபின் இயங்குமாயின் பெட்டியைச் சார்ந்தது. அடுத்து அழுத்தத்தை அளந்து, உருகி, விசை, இணைப்பு, கொள்ளளவி என ஒவ்வொன்றாக நீக்கிக் காணவேண்டும். ஒன்று நினைவிலிருத்தத்தக்கது: மின்னிணைப்பைக் களைந்த பின்னரும் கொள்ளளவியிலும் படக்குழாயிலும் உயிர்குடிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும். பயிற்சியற்றோர் பெட்டியைத் திறத்தலாகாது.

மலையக மக்களின் பின்னடைவைப் பற்றிப் பேசுவோர் பலர் பெட்டியை மட்டுமே திறந்து பார்க்கின்றனர். கல்வியில் ஆர்வமின்மை, அறியாமை என உள்ளுறுப்புகளைச் சுட்டுகின்றனர். வந்து சேர்ந்த அழுத்தம் எத்துணை என அளப்பதில்லை. நாட்டுக்கு ஒளியளித்த ஆறுகளின் கரையிலேயே வாழ்ந்தோர் இருளில் இருந்தமை, அவர்தம் குறையன்று, வழங்கலின் குறை. பெட்டியைப் பழிக்குமுன் கம்பியை அளந்து பார்ப்பதே பொறியியலாளர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் பொதுவான முதற் கடனாகும்.