வெள்ளி ரூபாயின் நாணயச்சாலைக் குறிகள்

ஒரு நாணயம் எந்தச் சாலையில் அச்சடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் சிறு எழுத்து அல்லது புள்ளி நாணயச்சாலைக் குறி எனப்படும். பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய்களில் இக்குறிகள் உள்ளன. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள மம்சாபுரம் போன்ற ஊர்களில், பழைய வீடுகளின் பூசைப் பெட்டிகளில் இந்த ராஜா தலைக் காசுகளை இன்றும் காணலாம். அவை பெரும்பாலும் நகைக்கடைக்கு எடைக்குப் போகின்றன. 1940க்கு முந்தைய எல்லாக் காசிலும் ஏறக்குறைய ஒரே வெள்ளிதான். ஆனால் குறி மாறினால் மதிப்பு பல மடங்கு மாறும்.

1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. எடை ஒரு தோலா, அதாவது 180 கிரெயின் (11.66 கிராம்). அதில் 12இல் 11 பங்கு வெள்ளி. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று சாலைகளும் பணி செய்தன. சென்னைச் சாலை 1869இல் மூடப்பட்டு, அதன் கட்டடம் அரசு அச்சகமானது. தங்கசாலைத் தெருவின் பெயரில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.

விக்டோரியா காசுகளில் பலர் குழம்புவது 1862 என்ற ஆண்டில்தான். அந்த ஆண்டு முதல் 1874 வரை வெளிவந்த ரூபாய்கள் பலவற்றிலும் 1862 என்றே இருக்கும். பம்பாய்ச் சாலை உண்மையான ஆண்டைக் குறிக்க நுண்ணிய புள்ளிகளைச் சேர்த்தது. அவற்றை எண்ண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். 1877 முதல் வந்த பேரரசி காசுகளில் பின்புறம் அடியில் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பம்பாய், சி இருந்தால் கல்கத்தா. ஐந்தாம் ஜார்ஜ் காசில் எழுத்து இல்லை. பின்புறம் அடியிலுள்ள தாமரைக்குக் கீழே சிறு புள்ளி புடைத்திருந்தால் பம்பாய். புள்ளி இல்லையென்றால் கல்கத்தா.

இதே ஜார்ஜ் காசுக்கு அமெரிக்காவோடு ஓர் உறவு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டும் மக்கள் வெள்ளியையே கேட்டனர். 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றி, தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கியது. அதில் ஏறத்தாழ 25.9 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் உள்ள 24 கிராம் வெள்ளியைக் கொண்டு இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். ஆக இது சுமார் 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி. 1918இல் பம்பாய், கல்கத்தா இரண்டும் தனித்தனியே 20 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. அந்த டாலர்களிலும் சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், நியூ ஆர்லியன்ஸுக்கு ஓ, கார்சன் சிட்டிக்கு சி.சி. எனக் குறிகள் இருந்தன. உருக்கியவர்கள் ஆண்டுவாரியாகவோ சாலைவாரியாகவோ கணக்கு வைக்கவில்லை. எந்த டாலர் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அச்சடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். நம் வீட்டுக் காசை எடைக்குப் போடும்போதும் நடப்பது இதுதான்.

ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1940 முதல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1943 முதல் பணி செய்த லாகூர்ச் சாலையின் காசில் எல் என்ற எழுத்து உண்டு. பழைய தரத்தில் அடித்த 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது.

அடுத்தது தரம். முதலில் தேய்வது மேடான பகுதி: எட்வர்டு காசில் காதும் அதன் மேல் முடியும், ஐந்தாம் ஜார்ஜ் காசில் அங்கியில் தொங்கும் யானை. (1911இல் அந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே உருவம் திருத்தப்பட்டது.) தேய்வைப் பொறுத்து ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், புழங்காதது எனப் பிரிப்பர். அமெரிக்க மருத்துவர் ஷெல்டன் 1949இல் செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலும் இன்று இந்தியக் காசுகளுக்குப் பயன்படுகிறது. சராப்புகள் வெட்டிப் பார்த்த முத்திரை, கழுத்தில் அணிய வைத்த வளையம், துளை ஆகியவை தரத்தைக் குறைக்கும். இவற்றைவிடப் பெரிய கேடு புளி போட்டுத் தேய்ப்பது. நம் வீடுகளில் பாத்திரத்தோடு காசையும் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். பல்லாண்டுகளில் படிந்த கருமையோடு மேற்பரப்பின் மூலப் பொலிவும் போய்விடும், திரும்ப வராது.

போலிகளில் இரு வகை உண்டு. வார்த்த காசு எடையிலும் ஒலியிலும் காட்டிக்கொடுக்கும். சுண்டிப் பார்த்தால் மந்தமாக ஒலிக்கும். உண்மைக் காசில் புள்ளியை ஒட்டியோ சுரண்டியோ குறியை மாற்றுவது இரண்டாவது வகை. இங்கே தராசு உதவாது. தாமரைக்குக் கீழ்ப் பரப்பில் கீறலும் நிற வேறுபாடும் இருக்கின்றனவா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

வீடு கட்ட வானம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.