மந்திரவாதி, போர்வீரன், குரு: தீப்பந்தம் பிடிச்சவன் எங்கே?

தவறணைக் கதவு திறக்குது. மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். ஒருவன் மந்திரம் படிக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சீடன், கையில் ஒரு தடித்த புத்தகம். இரண்டாமவன் சம்பளத்துக்குச் சண்டை போடும் போர்வீரன். மூன்றாமவர் கழுத்தில் சமயச் சின்னம் தொங்கும் இளம் குரு. மிச்சமாக இருப்பது ஒரேயொரு கதிரை. தவறணைக்காரர் யாரைப் பார்த்து "இருங்கோ" எண்டு சொல்லுவார்?

ஃபான்டஸி றோல்பிளே விளையாடுகிற ஆக்களுக்கு இது பழக்கமான கேள்விதான். மந்திரம் தெரிந்தவனுக்கு எல்லோரும் பயப்பட வேண்டாமா? குருவுக்குப் பின்னால் கடவுளே நிற்கிறாரே? வாள் வைத்திருப்பவனோடு யார் வாய் காட்டுவது? விடிய விடியக் கதைக்கலாம். ஆனால் இந்த மூன்று பாத்திரங்களும் வெறும் கற்பனையில் இருந்து வந்தவை இல்லை. ஐரோப்பிய மத்தியகால வரலாற்றில் இவர்கள் மூவருக்கும் உண்மையான இடம் இருந்தது. அதைப் பார்த்தால் கேள்வியே கொஞ்சம் மாறிப்போகுது.

முதலில் விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974 இல் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் கணினியில் விளையாடும் எத்தனையோ றோல்பிளே கேம்களுக்குத் தாய் இதுதான். அதில் முதலில் இருந்தது மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரம் பயன்படுத்துபவன், கிளெரிக் எனப்படும் குரு. திருடன் என்ற வகுப்பு 1975 இல் தான் சேர்ந்தது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. சண்டைக்காரன் ஒன்பதாவது லெவலில் 'லோர்ட்', அதாவது பிரபு ஆவான். குரு முதல் லெவலில் 'அக்கொலைட்', நடுவில் 'பிஷப்', உச்சியில் 'பேற்றியாக்'. முதல் லெவல் மந்திரவாதியோ பாவம்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், போர்க்கவசமும் போடக்கூடாது.

இதில் ஒரு பெரிய சமத்துவம் இருக்கு. மேசையைச் சுற்றி இருக்கும்போது யாருடைய பிறப்பையும் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் ஒன்றாம் லெவலில்தான் தொடங்குகிறார்கள், உழைத்து ஏறுகிறார்கள். அந்தஸ்து என்பது சம்பாதிக்கிற ஒன்று.

மத்தியகாலம் இப்படி நினைக்கவில்லை. ஏறத்தாழ 1020களில் பிரான்ஸில் லாஓன் நகரத்து ஆயர் அடல்பெரோ, மன்னன் றொபேட்டுக்கு ஒரு கவிதை எழுதினார். கடவுளின் வீடு ஒன்றாகத் தெரிந்தாலும் அது மூன்று பிரிவு என்பது அவருடைய கருத்து: செபிப்பவர்கள், போரிடுபவர்கள், உழைப்பவர்கள். இங்கிலாந்தில் அல்ஃபிரட் மன்னனுடைய காலத்து எழுத்திலேயே இதே மூன்று பிரிவு வருகிறது. ஃபிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் டுபி 1978 இல் இந்த மூன்று பிரிவுகளைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். செபிப்பவரும் போரிடுபவரும் எங்களைக் காப்பாற்றுகிறார்கள், ஆகவே உழைப்பவர் அவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று நியாயம் சொல்லும் திட்டம் இது.

இப்ப இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒரு பக்கம் குரு, வீரன், உழைப்பாளி. மற்றப் பக்கம் குரு, வீரன், மந்திரவாதி. உழைப்பாளி இருந்த இடத்தில் மந்திரவாதி நிற்கிறான்!

அப்படியென்றால் மந்திரவாதி எங்கிருந்து வந்தான்? இதுதான் சுவாரசியமான இடம். அவன் குருமார் கூட்டத்துக்குள் இருந்தே வந்தவன்.

மந்திரப் புத்தகம் வாசிக்க லத்தீன் தெரிய வேண்டும். லத்தீன் கற்றவர்கள் அநேகமாகத் திருச்சபை ஆக்கள். அன்றைக்குக் குருப்பட்டத்துக்குக் கீழே 'சிறு பட்டங்கள்' என்று நான்கு படி இருந்தது: கதவு காப்பவர், வாசகர், பேயோட்டுபவர், பீடப்பணியாளர். கவனியுங்கோ, பேயோட்டுபவர் என்பது கீழ்ப்படிகளில் ஒன்று. அந்தப் பட்டம் கொடுக்கும்போது பேயோட்டும் மந்திரங்கள் உள்ள புத்தகத்தை ஆயர் கையில் கொடுப்பார். பேய்க்குக் கட்டளையிடும் அதிகாரமும் அதற்கான வார்த்தைகளும் ஒரு இளைஞனுக்கு முறைப்படி கிடைத்துவிடுகிறது. ஆனால் எல்லோருக்கும் நல்ல பங்குத்தளமோ பதவியோ கிடைக்கவில்லை. படிப்பு இருக்கு, வேலை இல்லை. மத்தியகால மந்திரத்தை ஆராய்ந்த றிச்சர்ட் கீக்ஹெஃபர், பேயை அழைக்கும் வகை மந்திரம் இப்படிப்பட்ட அரைகுறைக் குருமாரின் நிழல் உலகத்தில்தான் வளர்ந்தது என்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு சீடனைப் பார்ப்போம். சொல்ஸ்பெரி யோன் 12ஆம் நூற்றாண்டு அறிஞர், பிறகு ஷார்த்ர் நகர ஆயர். சின்ன வயதில் ஒரு குருவானவரிடம் சங்கீதங்கள் படிக்கப் போனார். அந்தக் குருவோ சிறுவர்களின் நகத்தில் எண்ணெய் பூசி, அந்தப் பளபளப்பில் என்ன தெரியுது என்று பார்க்கச் சொன்னார். எங்கட ஊரில் 'மை போட்டுப் பார்க்கிறது' என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். கூட இருந்த பெடியன் மங்கலாக உருவங்கள் தெரியுது என்றான். யோனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவன் சரிவர மாட்டான் என்று அவரை விட்டுவிட்டார்கள். 1159 இல் முடித்த தன் புத்தகத்தில் யோனே இதை எழுதியிருக்கிறார். இங்கே மந்திரவாதியும் குருவும் இரண்டு பேர் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்த அதே ஆள்தான்.

இன்னொன்று, பரீட்சைக்குப் பயந்த எல்லோருக்கும் பிடிக்கும். 'ஆர்ஸ் நொட்டோரியா' என்ற ஒரு மந்திர நூல் அந்தக் காலத்தில் கைமாறியது. குறித்த செபங்களைச் சொல்லி, படங்களை உற்றுப் பார்த்தால் இலக்கணமும் தர்க்கமும் குறுகிய காலத்தில் தலைக்குள் ஏறிவிடும் என்பது அதன் வாக்குறுதி. யோன் ஒஃப் மொரின்யி என்ற ஃபிரெஞ்சுத் துறவி படிக்கிற காலத்தில் அதைப் பயன்படுத்தினார். பிறகு அது பேயின் வேலை என்று விட்டுவிட்டு, மாதா பெயரில் தானே ஒரு புத்தகம் செய்தார். 1323 இல் பாரிஸில் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். மறுபக்கம் மைக்கல் ஸ்கொட்டைப் பாருங்கோ. பிற்காலக் கதைகளில் பெரிய மந்திரவாதி, டான்டே அவரை நரகத்திலேயே போட்டுவிட்டார். ஆனால் உயிரோடு இருந்தபோது, 1224 இல், பாப்பரசர் அவருக்கு அயர்லாந்தில் பேராயர் பதவி கொடுக்கப் பார்த்தார். ஒரே ஏணிதான். சிலர் மேலே, சிலர் கீழே.

மாணவன் எப்படிக் குருமார் கூட்டத்தில் சேர்ந்தான்? பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சட்டப்படி திருச்சபை ஆக்களாகக் கணிக்கப்பட்டார்கள். உச்சந்தலையை வட்டமாகச் சிரைத்திருப்பார்கள். 1200 இல் மன்னன் இரண்டாம் பிலிப் கொடுத்த சாசனத்தின்படி, குற்றம் செய்த மாணவனைத் திருச்சபை நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். அங்கே மரண தண்டனை இல்லை. இங்கிலாந்தில் இது இன்னும் விசித்திரமாக வளர்ந்தது. வாசிக்கத் தெரிந்தால் நீ குரு. பைபிளில் 51ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை வாசித்துக் காட்டினால் தூக்கில் இருந்து தப்பலாம். நாடகாசிரியர் பென் ஜோன்சன் 1598 இல் ஒரு நடிகரைக் கொன்றுவிட்டு, இந்தச் சலுகையால் பெருவிரலில் ஒரு சூட்டோடு வெளியே வந்தார். இந்தச் சலுகை அங்கே 1827 இல் தான் ஒழிந்தது.

இதற்குள்ளும் படிநிலை இருந்தது. பல்கலைக்கழகத்தில் இறையியல், சட்டம், மருத்துவம் மூன்றும் மேல்பீடங்கள். கலைப்பீடம் எல்லாவற்றுக்கும் கீழே. கலைப்பீடத்தில இருக்கிற எங்களுக்கு இது ஒண்டும் புதுசில்லை!

போர்வீரனுக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் 'மிலெஸ்' என்ற லத்தீன் சொல் பெரும்பாலும் ஒரு பிரபுவுக்குக் கீழே சண்டை செய்தவனைத்தான் குறித்தது, பெரிய பெருமை இல்லை. 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'நைட்' என்பது உயர்குடி ஆக்களே ஆசைப்படும் பட்டம் ஆகிவிட்டது. குதிரை, கவசம், நிலம், பரம்பரை எல்லாம் வேண்டும். சம்பளத்துக்குச் சண்டை போட்டவனின் கதை வேறு. 1179 இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் கொள்ளையடித்துத் திரிந்த கூலிப்படைகளைத் திருச்சபைக்கு வெளியே தள்ளியது. துறவியும் வீரனும் ஒன்றாகச் சேர்ந்த டெம்பிளர் சபையில்கூட, நைட்டுகளுக்கு வெள்ளை அங்கி, அவர்களுக்குக் கீழே இருந்த சார்ஜென்ட்களுக்குக் கறுப்பு அல்லது கபில அங்கி. ஒரே சபை, ஒரே செபம், இரண்டு நிறம்.

சரி, அந்தக் கதிரை யாருக்கு? மத்தியகாலத் தவறணை என்றால் முதலில் குருவுக்கு. மந்திரச் சீடன் தன் சிரைத்த தலையைக் காட்டினால் அவனுக்கும் கிடைக்கலாம், ஏனென்றால் அவனும் அந்தக் கூட்டம்தான். கூலிப் போர்வீரன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். குதிரையும் நிலமும் உள்ள நைட் வந்தால் எல்லோரும் எழும்ப வேண்டும்.

ஆனால் கதிரையைக் கொடுக்கிற தவறணைக்காரரை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. 1355 பெப்ரவரி 10 அன்று ஒக்ஸ்போர்டில் சில மாணவர்கள் வைன் சரியில்லை என்று சண்டை பிடித்து, தவறணைக்காரரின் முகத்திலேயே அதை ஊற்றினார்கள். நகரமே கிளம்பியது. நாட்டுப்புறத்து ஆக்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாளில் மாணவர்கள் 63 பேர் வரை செத்ததாகச் சொல்லப்படுகிறது, நகரத்தாரிலும் ஏறத்தாழ 30 பேர். பயங்கரமான படுகொலைதான். ஆனால் முடிவைப் பாருங்கோ. மன்னன் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றான். நகரத்தின் அதிகாரம் பலதும் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மேயரும் நகரத்தாரும் வருஷா வருஷம் பூசைக்குப் போய்த் தலைக்கு ஒரு பென்னி கட்ட வேண்டும் என்றார்கள். அந்தச் சடங்கு 1825 இல் தான் முடிவுக்கு வந்தது.

1381 இல் இங்கிலாந்து விவசாயிகள் கிளர்ந்து எழுந்தபோது, கேம்பிரிட்ஜில் நகரத்தார் பல்கலைக்கழகத்தின் சாசனங்களை எடுத்துச் சந்தையில் போட்டு எரித்தார்கள். படிப்பின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? அந்தத் தாள்களில் எழுதியிருந்தது படிப்பு இல்லை, சலுகை. வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து என்பதே ஒரு மந்திரம்தான்: தான் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மந்திரம். அதேநேரம் அந்தக் கிளர்ச்சியின் பெரிய குரல்களில் ஒன்றான யோன் போல் ஒரு குரு. அவரையும் அந்த வருஷமே கொன்றார்கள். ஆகவே எந்தப் பக்கம் நிற்பது என்பது அங்கியில் எழுதியிருக்கவில்லை.

இப்ப திரும்ப விளையாட்டுக்கு. 1974 விதிநூலில் சண்டைக்காரன் பிரபுவாகிக் கோட்டை கட்டினால் அவனுக்குக் கீழே இரண்டு முதல் எட்டுக் கிராமங்கள் வரும். ஒவ்வொன்றிலும் 100 முதல் 400 பேர். அவர்களைப் பற்றி விதி சொல்லும் முக்கியமான விஷயம், தலைக்கு வருஷத்துக்குப் பத்துப் பொற்காசு வரி. பின்னால் வந்த பதிப்பில் சாதாரண சனங்களுக்கு ஒரு பெயர் வந்தது: பூச்சிய லெவல். குகைக்குள் தீப்பந்தம் பிடிப்பவன், பொதி சுமப்பவன் எல்லாம் கூலிக்குப் பிடிக்கிற ஆக்கள். அடல்பெரோ உழைப்பவரைக் கடைசியில் என்றாலும் வைத்தார். விளையாட்டு அவரைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டு, செபிப்பவரை இரண்டாக உடைத்து அந்த இடத்தை நிரப்பியது.

இது எங்களுக்கு எவ்வளவு தூரம்? நாங்கள் நினைப்பதைவிடக் கிட்ட. குருமாரைக் குறித்த 'கிளெரிக்கஸ்' என்ற லத்தீன் சொல்லே, எழுத வாசிக்கத் தெரிந்தவரைக் குறிக்கும் 'கிளார்க்' ஆனது. ஆங்கிலேயரோடு கப்பலேறி யாழ்ப்பாணத்தில் 'கிளாக்கர்' ஆனது. ஒரு காலத்தில் கிளாக்கர் உத்தியோகம் என்றால் ஊருக்குள் என்ன மரியாதை! தோட்டத்தில் மண் கிண்டியவருக்கு அது இல்லை. பேனை பிடித்தவனுக்குக் கதிரை என்ற அந்தப் பழைய கணக்கு, சொல்லோடு சேர்ந்தே எங்களிடம் வந்திருக்கு.

விளையாட்டை விடச் சொல்லவில்லை. பிறப்புக் கேட்காத மேசை நல்ல மேசை. மத்தியகாலப் பல்கலைக்கழகமும் பீடமும் பெண்களுக்குப் பூட்டிய கதவு, இந்த மேசையில் ஒரு பெண் தாராளமாக மந்திரவாதியாக இருக்கலாம். ஆனால் அடுத்த முறை குகைக்குள் இறங்கும்போது, தீப்பந்தம் பிடிக்கிறவருக்கும் ஒரு பெயர் வையுங்கோ. அவருக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், நீங்கள் கட்டப்போகும் கோட்டைக்கு அவர் எவ்வளவு வரி கட்டுவார் என்று கேளுங்கோ. விளையாட்டு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பரவாயில்லை.