சால்ட் பாதைத் தாண்டல் பிழை (சிவிஇ-2020-11652)

சால்ட் என்னும் சேவையகத் தானியக்க மென்பொருளில் 2020-இல் கண்டறியப்பட்ட உள்ளீட்டுச் சரிபார்ப்புக் குறைபாடு. பைதான் மொழியில் எழுதப்பட்ட சால்ட்டில், ‘மாஸ்டர்’ எனும் தலைமைச் சேவையகம் ‘மினியன்’ எனப்படும் கணினிகளுக்குக் கட்டளை அனுப்பும். இதற்கு 4505, 4506 ஆகிய போர்ட்டுகள் பயன்படுகின்றன.

மாஸ்டரின் ‘வீல்’ தொகுதி, தனக்கு வரும் கோப்புப் பெயரைக் குறிப்பிட்ட அடைவின் பாதையோடு அப்படியே ஒட்டியது. பெயரில் ‘..’ இருந்தால் பாதை மேலடைவுக்குப் போய்விடும் என்பதைச் சரிபார்க்கவில்லை. இதனால் அந்த அடைவுக்கு வெளியே உள்ள கோப்புகளையும் படிக்கவும் எழுதவும் முடிந்தது.

இதைப் பயன்படுத்த முறையான அனுமதி தேவை. ஆனால் உடன் வெளியான சிவிஇ-2020-11651 என்ற பிழை அடையாளச் சோதனையையே தாண்ட விட்டது. இரண்டும் சேர்ந்தபோது, மாஸ்டரையும் அதன்கீழுள்ள மினியன்களையும் ரூட் அதிகாரத்துடன் வெளியாள் கைப்பற்ற வழி திறந்தது.

எஃப்-செக்யூர் நிறுவனம் கண்டறிந்த இப்பிழைகள் 2019.2.4, 3000.2 பதிப்புகளில் திருத்தப்பட்டன. ஏப்ரல் 30 அன்று விவரம் வெளியானது; சில நாள்களிலேயே லினியேஜ்ஓஎஸ் இயங்குதளம், கோஸ்ட் வலைப்பதிவுத் தளம் ஆகியவற்றின் சேவையகங்களில் தாக்குதல் நடந்தது.

பாதையை முழுமையாக விரித்து, அது உரிய அடைவுக்குள் அடங்குகிறதா எனப் பார்ப்பதே அடிப்படைத் தீர்வு. மாஸ்டரின் போர்ட்டுகளைப் பொது இணையத்துக்குத் திறந்துவைக்காமல் இருப்பதும் இன்றியமையாதது.