குளிர்காலப் பணிக் கையுறை

குளிர்காலப் பணிக் கையுறை என்பது உறைநிலையை ஒட்டிய அல்லது அதற்கும் கீழான வெப்பநிலையில் வேலை செய்வோர் தமது கைகளைக் குளிர், காற்று, ஈரம், காயம் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ள அணியும் கையுறை ஆகும். கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், வட ஐரோப்பிய நாடுகள், உருசியா போன்ற இடங்களில் கட்டடத் தொழிலாளர், மரம் வெட்டுவோர், மீனவர், மின்கம்பிப் பணியாளர், பண்ணைத் தொழிலாளர் முதலியோர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

சாதாரணக் குளிர்காலக் கையுறை கையைச் சூடாக வைத்திருந்தால் போதுமானது. பணிக் கையுறையோ அத்துடன் கருவியைப் பிடிக்கவும் இடமளிக்க வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. கையுறை தடிப்பாக இருந்தால் வெப்பம் கூடும். ஆனால் விரல்களின் அசைவு குறையும். ஆணி, திருகு போன்றவற்றைக் கையாள ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டிய கையுறை, எவ்வளவு தடிப்பானதாயினும், கையைக் காப்பதில்லை. எனவே மிகச் சூடான கையுறையை அல்லாமல், கழற்றாமலே வேலை செய்யக்கூடிய கையுறைகளுள் சூடானதைத் தெரிவு செய்வதே பொருத்தமானது.

கைகளும் குளிரும்

உடல் குளிரும்போது இதயம், மூளை போன்ற உறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும் பொருட்டுக் கை, கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்கள் மெல்லியவை, அவற்றின் பருமனுடன் ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம். ஆகவே அவை விரைவாக வெப்பத்தை இழக்கின்றன. கைத்தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்கு (°செ) கீழே இறங்கும்போது விரல்களின் செயல்திறன் குறையத் தொடங்குகிறது. ஏறத்தாழ 8 °செ அளவில் தொடு உணர்வு பெரிதும் மங்குகிறது. இந்நிலையில் கருவி நழுவுவதும், காயம் பட்டதை உணராமல் இருப்பதும் நிகழலாம். திசுக்கள் உறையும்போது பனிக்கடி ஏற்படுகிறது. கடுமையான பனிக்கடியால் விரல்களை இழக்கவும் நேரிடலாம்.

காற்று வீசும்போது வெப்ப இழப்பு கூடுகிறது. கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, −20 °செ வெப்பநிலையில் மணிக்கு 30 கிமீ வேகத்தில் காற்று வீசினால் வெற்றுத் தோலுக்கு அது ஏறத்தாழ −33 °செ போன்றதாகும்.

அமைப்பு

பொதுவாக இக்கையுறைகள் மூன்று அடுக்குகளைக் கொண்டவை.

• வெளியுறை: தேய்மானத்தையும் காற்றையும் தாங்குவது. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், பன்றித்தோல், மான்தோல், நைலான் முதலியவை பயன்படுகின்றன. மான்தோல் நனைந்து உலர்ந்த பின்னரும் மென்மையாக இருக்கும். பிவிசி பூச்சு நீர் புகாதது எனினும் அதன் சாதாரண வகைகள் கடுங்குளிரில் விறைத்துவிடுகின்றன. இயற்கை இறப்பர் பூச்சு ஒப்பீட்டளவில் நெகிழ்வாக இருக்கும்.
• இடைப்படலம்: நீரைத் தடுத்து, வியர்வை ஆவியை வெளியேற்றும் மெல்லிய படலம். இது எல்லாக் கையுறைகளிலும் இருப்பதில்லை.
• உள்ளுறை: கம்பளி அல்லது நுண்ணிய செயற்கை இழைகளால் ஆனது. வெப்பத்தைக் காப்பது பெரும்பாலும் இழைகளுக்கு இடையே சிக்கியுள்ள காற்றே ஆகும்.

நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றினதைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு. ஆகவே உள்ளுறை நனைந்தால் காப்பு பெருமளவு குறைகிறது. பருத்தி நீரை உறிஞ்சி மெதுவாகவே உலர்வதால் குளிர்கால உள்ளுறைக்கு ஏற்றதன்று. கம்பளி ஈரமானாலும் ஓரளவு வெப்பத்தைத் தக்கவைக்கிறது.

கட்டைவிரல் தவிர்ந்த நான்கு விரல்களும் ஒரே அறையில் இருக்கும் கையுறை, ஐவிரல் கையுறையிலும் சூடானது. வட சுவீடனின் லோவிக்கா என்னும் ஊரில் 1892 இல் எரிக்கா ஐத்தாமா பின்னத் தொடங்கிய தடித்த கம்பளிக் கையுறைகள் இவ்வகையின. சுட்டுவிரலுக்கு மட்டும் தனி அறை கொண்ட இடைப்பட்ட வகையும் உண்டு.

தெரிவு செய்தல்

வட அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் தொழிற் சுகாதார வழிகாட்டல்கள் பின்வருமாறு கூறுகின்றன:

• உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 16 °செ, இலகுவான வேலைக்கு 4 °செ, மிதமான வேலைக்கு −7 °செ ஆகியவற்றுக்குக் கீழ், விரல் நுட்பம் தேவைப்படாதவிடத்துக் கையுறை அணிதல் வேண்டும்.
• −17.5 °செ இற்குக் கீழ் நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் கையுறையே ஏற்றது.
• −1 °செ இற்குக் கீழ் கருவிகளின் உலோகக் கைப்பிடிகளை வெப்பங்கடத்தாப் பொருளால் மூட வேண்டும்.

கடும் உழைப்பில் உடலே வெப்பத்தை உண்டாக்குவதால், மண் வெட்டுபவருக்குப் போதுமான கையுறை அசையாது நின்று வாகனங்களை நெறிப்படுத்துபவருக்குப் போதாது. மிகத் தடித்த கையுறையுடன் கடுமையாக உழைத்தால் வியர்வையால் உள்ளுறை நனைந்து, ஓய்வின்போது கை விரைவில் குளிர்ந்துவிடும். நுட்பமான வேலைக்கு மெல்லிய உட்கையுறையும் அதன்மேல் எளிதில் கழற்றக்கூடிய தடித்த கையுறையும் அணிவது வழக்கம். மேலுறையைக் கழற்றினாலும் வெற்றுக்கை உலோகத்தில் படாது.

இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைத் தடுப்பதோடு உள்ளுறையிலுள்ள காற்றையும் வெளியேற்றிவிடும். மிகத் தளர்வானது பிடியைக் கெடுக்கும். விரல்களை அசைக்கும் தசைகளிற் பெரியவை முன்னங்கையில் இருப்பதால், மணிக்கட்டை மூடும் நீண்ட பட்டி கொண்ட கையுறை சிறந்தது.

தர அடையாளம்

ஐரோப்பாவில் குளிர்க் கையுறைகளுக்கான தரம் ஈஎன் 511 ஆகும். இதன் குறி பனித்துகள் வடிவம். அதனுடன் மூன்று குறியீடுகள் இடம்பெறும். முதலாவது சூழ்ந்துள்ள குளிர்காற்றுக்கு எதிரான காப்பையும் (0 - 4), இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போதுள்ள காப்பையும் (0 - 4), மூன்றாவது நீர் புகாமையையும் (0 அல்லது 1) குறிக்கும். குளிர்ந்த குழாய்களைக் கையாள்வோர் இரண்டாவது எண்ணையும், ஈரத்தில் வேலை செய்வோர் மூன்றாவது எண்ணையும் முதன்மையாக நோக்குதல் வேண்டும். தேய்மானம், வெட்டு, கிழிவு, குத்து ஆகியவற்றுக்கான தரம் ஈஎன் 388 ஆகும்.

எச்சரிக்கைகள்

• சுழலும் துளைப்பொறி, கடைசல் பொறி போன்றவற்றின் அருகே கையுறை சிக்கிக் கையை இழுத்துவிடக்கூடும். அத்தகைய வேலையைச் சூடேற்றிய இடத்திற்கு மாற்றுவதே பாதுகாப்பானது.
• பெட்ரோல் உறைநிலைக்குக் கீழும் நீர்மமாகவே இருந்து விரைவாக ஆவியாவதால், அது சிந்தி நனைந்த கையுறையை உடனே கழற்ற வேண்டும்.
• சங்கிலி வாள் போன்ற அதிரும் கருவிகளால் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் ஏற்படலாம். குளிர் அதனைத் தூண்டும். கையுறை இதற்கு ஓரளவே தடையாகும்.

பராமரிப்பு

ஈரமான கையுறையைக் கழற்றி உலர்ந்ததை அணிய, மாற்று இணை ஒன்றை உடன் வைத்திருத்தல் நன்று. தோற் கையுறைகளை நெருப்பருகே உலர்த்தினால் அவை சுருங்கி வெடிக்கும்; அறை வெப்பத்தில் மெதுவாக உலர்த்த வேண்டும். கிழிந்த அல்லது உள்ளுறை நசுங்கித் தட்டையான கையுறைகளை மாற்றுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

• பனிக்கடி
• காற்றுக்குளிர்
• தொழிற் சுகாதாரம்