மேசையின் வேகமும் மடியின் நிதானமும்: ஒரு செயலி வரலாறு

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது சுப்பிரமணிய சிவாவின் பெயர்தான். சிறை தந்த தொழுநோயோடு, ரயிலில் ஏறவும் அனுமதி மறுக்கப்பட்டு, கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசிய அந்த மனிதர், 1925 ஜூலை 23 அன்று இவ்வூரில் மறைந்தார். அவர் கனவு கண்ட பாரத மாதா ஆலயத்துக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டியதும் இங்கேதான்.

இவ்வூரைக் கணினிச் செயலிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மேசைக்கணினி, மடிக்கணினி இரண்டில் எதன் செயலி வலியது என்ற கேள்விக்குப் பெருநகரத்துக் கடையில் கிடைக்கும் விடை ஒன்று. பாப்பாரப்பட்டி போன்ற ஊரில் கிடைக்கும் விடை வேறொன்று. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2000ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 செயலியை வெளியிட்டது. கணினி வாங்குவோர் அப்போது கேட்ட கேள்வி ஒன்றே: எத்தனை கிகாஹெர்ட்ஸ்? அந்த எண்ணை உயர்த்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது அச்செயலி. வீடு கட்டுமிடத்தில் செங்கல்லைக் கைமாற்றும் வரிசையை நினைத்துக்கொள்வோம். வரிசையில் ஆட்களைக் கூட்டினால் ஒவ்வொருவரும் கை நீட்டும் தொலைவு குறையும், தாளகதி விரையும். பென்டியம் 4 தன் வேலையை 20 கட்டங்களாகப் பிரித்துக்கொண்டது. 2004இல் வந்த பிரெஸ்காட் என்னும் வடிவம் அதை 31 ஆக்கியது. ஆனால் ‘இந்தக் கல் வேண்டாம், வேறு கல்’ என்று கொத்தனார் சொல்லிவிட்டால், வரிசையிலுள்ள அத்தனை கற்களையும் கீழே போட்டுவிட்டுத் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். அடுத்து வரும் கட்டளை எதுவென்று செயலி ஊகிப்பது தவறும்போதெல்லாம் நேர்ந்தது இதுவே. வரிசை நீள நீள இழப்பும் பெருகியது.

இதைவிடப் பெரிய இடர் வெப்பம். செயலி உண்ணும் மின்திறன், கடிகார வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்வது. வேகத்தை 20 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் அதே அளவு கூட்ட நேர்ந்தால், செலவாகும் திறன் ஏறத்தாழ 73 சதவீதம் அதிகரிக்கும். 3.8 கிகாஹெர்ட்ஸ் எட்டிய பென்டியம் 4 செயலிக்கு 115 வாட் ஒதுக்க வேண்டியிருந்தது. மேசையடிப் பெட்டியில் பெரிய விசிறி வைத்து இதைச் சமாளிக்கலாம். மடியில் வைத்துக்கொள்ள இயலுமா?

இயலாது என்ற புரிதலிலிருந்து வேறொரு பாதை பிறந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த இன்டெல் பொறியாளர் குழு, மடிக்கணினிக்கென்றே உருவாக்கிய பென்டியம் எம் செயலி 2003 மார்ச்சில் வெளிவந்தது. அதன் வேகம் 1.3 முதல் 1.7 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. வெப்ப அளவு 24.5 வாட். விளம்பரத் தாளில் இளைத்துத் தெரிந்த இச்செயலி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்தது. அன்றாட வேலைகள் பலவற்றில், தன்னைவிட மிகக் கூடுதலான கிகாஹெர்ட்ஸ் எண் தாங்கிய பென்டியம் 4 செயலிகளுக்கு ஈடுகொடுத்தது. 2005இல் இதை மேசைக்கணினிப் பலகையில் பொருத்த ஆசுஸ் நிறுவனம் ஓர் இணைப்பானையே விற்றது.

2004 மே மாதத்தில், பென்டியம் 4இன் வாரிசாகத் திட்டமிடப்பட்டிருந்த தேஜாஸ் கைவிடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் கைவிடப்பட, இன்டெல்லின் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கோரினார். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டியோ, பென்டியம் எம்மின் வழித்தோன்றல். மேசைக்கணினி தன் எதிர்காலத்தை மடிக்கணினியிடமிருந்து கடன் பெற்றது என்றே சொல்லலாம்.

எனினும் மேசைச் செயலியின் மேலாண்மை மறைந்துவிடவில்லை. 2023இல் வந்த கோர் ஐ9 14900கே உச்சநிலையில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதேபோல் 24 உட்கருக்கள் கொண்ட மடிக்கணினி உடன்பிறப்பான 14900எச்எக்ஸ் 157 வாட்டில் நின்றுவிடும். இரண்டின் உச்ச வேகம் 6.0, 5.8 கிகாஹெர்ட்ஸ், எண்ணில் வேறுபாடு சொற்பம். ஆனால் மணிக்கணக்கில் நீளும் வேலையில் முந்துவது மேசைதான். ஏனெனில் போட்டி அங்கே செயலிகளுக்கிடையே அன்று, குளிர்விக்கும் வசதிகளுக்கிடையே. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சில்லை விசிறியற்ற மடிக்கணினியிலும் விசிறியுள்ள மேசைக்கணினியிலும் ஒருங்கே வைத்தபோது இது கண்கூடானது. சிறு வேலைகளில் இரண்டும் ஒன்றே. நெடு வேலையில் விசிறியற்றது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென முதலாண்டில் 9.12 லட்சம் கணினிகள் என்பது இலக்கு. அதே செலவில் இதைவிட வேகமான மேசைக்கணினி வாங்கலாமே என்று கணக்குப் போட்டால், கிகாஹெர்ட்ஸ் கணக்கின்படி அது சரியே. ஆனால் அது தமிழகம் இருளில் தவித்த காலம். 2012இல் சென்னைக்கு 2 மணி நேரமும் ஏனைய மாவட்டங்களுக்கு 4 மணி நேரமும் மின்தடை என்று அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் பல இடங்களில் அது அதனினும் நீண்டது. ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் மின்சாரமாகும் காவிரியைத் தன் எல்லையில் கொண்ட மாவட்டமும் அதற்கு விலக்கன்று.

மின்சாரமற்ற வேளையில் மேசைக்கணினியின் வேகம் எவ்வளவு? பூஜ்யம். பென்னாகரத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாலை முழுதும் மின்சாரம் இல்லாத வீட்டில், மின்கலத்தின் உதவியால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும் எளிய செயலி, எந்த மேசைச் செயலியையும்விட வலியது. குறைந்த வாட்டில் நிறைந்த வேலை என்று ஹைஃபாவில் தேடப்பட்ட விடை, அகல் விளக்கு ஏற்றியிருந்த வீட்டுத் திண்ணைக்கும் பொருந்தியது. மின்கலம் நலிந்தபின் அந்த மடிக்கணினிகளும் சுவரோடு கட்டுண்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ என மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது. இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் செயலியின் பெயரும் தலைமுறையும்தான் முதலில் விவாதிக்கப்படுகின்றன. அந்த எண்கள் தேவையே. ஆயினும் அவற்றுக்கு முன்னால், அந்தச் செயலி எங்கே, எந்த நேரத்தில், எந்த மின்சாரத்தில் ஓடப்போகிறது என்று கேட்பவரே அதன் திறனைச் சரியாக அளப்பவர் என்று நாம் கருதுகிறோம்.