நகலெடுக்காத நகல்

கணினித் தரவைக் காப்பது என்றால் அதைக் காந்த நாடாவில் நகலெடுத்து வைப்பதே என்ற வழக்கம் 1980களில் பெரும்பாலான நிறுவனங்களில் நிலவியது. நகலெடுக்க மணிக்கணக்கில் நேரம் பிடித்ததாலும், அதற்கிடையே பயனர்கள் கோப்புகளைத் திருத்திக்கொண்டேயிருந்ததாலும், ஒரே நாடாவின் முதற்பகுதியும் கடைசிப்பகுதியும் வெவ்வேறு நேரத்து நிலையைக் காட்டின. ஒரு சேமிப்பு வால்யூம் குறிப்பிட்ட கணத்தில் இருந்த நிலையை, தரவு எதையும் நகலெடுக்காமலே நிலைநிறுத்தும் ஸ்நாப்ஷாட் முறை இச்சிக்கலுக்கு ஒரு விடையாக அமைந்தது.

பெல் ஆய்வகத்தில் உருவான பிளான் 9 இயங்குதளத்தின் கோப்புச் சேவையகம், ஒருமுறை எழுதினால் திருத்த முடியாத ஒளிவட்டுகளில், அன்றன்று மாறிய பிளாக்குகளை நாள்தோறும் அதிகாலை 5 மணிக்குப் பதிவதற்கு ஏற்பாடு செய்தது. பழைய தேதியின் பெயரிலுள்ள கோப்பகத்துக்குள் சென்றால் அன்றைய கோப்புகள் அனைத்தும் அப்படியே கிடைத்தன. எதையும் அழிக்க இயலாத வட்டு என்பதால், எதை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

அக்கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தவர்கள் சாதாரண வட்டுகளை நம்பியவர்களே. 1992இல் நெட்வொர்க் அப்ளையன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகிய மூவரும் வாஃபில் என்ற கோப்பு முறைமையை 1994இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் விவரித்தனர். அம்முறைமை, இருக்கும் பிளாக்கின் மேல் திரும்ப எழுதாமல் மாறிய தரவை எப்போதும் வேறோர் இடத்தில் எழுதியதால், பழைய தரவு தானாகவே வட்டில் எஞ்சியது. கோப்புகளின் பிளாக்குகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் மரக்கிளை அமைப்பின் வேரை மட்டும் படியெடுத்தால் ஸ்நாப்ஷாட் உருவாகிவிடும். ஒவ்வொரு 4 கிலோபைட் பிளாக்குக்கும் 32 பிட் கொண்ட பதிவு ஒன்று இருந்தது. அதில் ஒரு பிட் நடப்புக் கோப்பு முறைமைக்கும், வேறு பிட்டுகள் ஸ்நாப்ஷாட்டுக்கு ஒன்றாகவும் ஒதுக்கப்பட்டன. எல்லா பிட்டுகளும் சுழியமானால்தான் அந்த பிளாக் காலி எனக் கொள்ளப்பட்டது. எனவே, வட்டு நிரம்பிவிட்டதென்று பெரிய கோப்பை அழிக்கும் நிர்வாகி, பழைய ஸ்நாப்ஷாட்டுகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ஒரு பைட்டும் திரும்பப் பெறமாட்டார். அக்காலத்தில் 20 ஸ்நாப்ஷாட்டுகளே உச்சவரம்பு என்பதால், மணிக்கொன்று, இரவுக்கொன்று, வாரத்துக்கொன்று என அட்டவணை வகுத்துப் பழையவற்றைக் கழிப்பதே நிர்வாகத்தின் பெரும்பகுதியாயிற்று.

லினக்ஸில் வால்யூம்களை நிர்வகிக்கும் எல்விஎம் வேறு வழியில் சென்றது. ஸ்நாப்ஷாட் எடுத்தபின் ஒரு பகுதியில் முதன்முறையாக எழுதும்போது, அங்கிருந்த பழைய தரவு முன்னரே ஒதுக்கிய இடத்துக்கு நகலெடுக்கப்பட்டது. இதனால் எழுதும் வேகம் குறைந்ததோடு, ஒதுக்கிய இடம் நிரம்பினால் ஸ்நாப்ஷாட்டே செல்லாததாகிவிடும் இக்கட்டும் இருந்தது. தரவுத்தளம் நினைவகத்தில் வைத்திருப்பவை வட்டின் ஸ்நாப்ஷாட்டில் இடம்பெறா என்ற குறையைப் போக்க, விண்டோஸ் சர்வர் 2003இல் பயன்பாட்டுச் செயலிகளிடம், வட்டில் எழுதுவதைச் சற்று நிறுத்தச் சொல்லும் வசதி சேர்க்கப்பட்டது.

இவை யாவற்றிலும் ஸ்நாப்ஷாட், தான் காக்கும் வால்யூமின் பிளாக்குகளையே பகிர்ந்துகொண்டதால், வட்டு பழுதானால் இரண்டும் ஒருசேரப் போகும். தனி நகலின்றி இதை மட்டும் காப்பு என்று நம்புவது பிழையே. 2008இல் வந்த அமேசானின் ஈபிஎஸ் என்ற மேகச் சேமிப்புச் சேவை, மாறிய பிளாக்குகளை மட்டும் எஸ்3 என்ற தனிச் சேமிப்பகத்துக்கு அனுப்பி இக்குறையைப் பெருமளவு தீர்த்தது. ஆனால், வட்டுக்குப் பதில் கணக்கின் கடவுச்சொல் பலவீனமான கண்ணியாயிற்று: 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகத்தில் நுழைந்த ஒருவர், வால்யூம்களோடு ஸ்நாப்ஷாட்டுகளையும் அழித்துவிட, அந்நிறுவனம் தொழிலையே கைவிட்டது. குறித்த கெடு முடியும்வரை ஸ்நாப்ஷாட்டை அழிக்கவிடாமல் பூட்டும் வசதியை அமேசான் ஈபிஎஸ்ஸில் 2023இல் அறிமுகப்படுத்தியது.